கல்லூரியில் மலையக மரபுரிமை நாள்: குழு அமைப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

இலங்கை மலையகத்துக் கல்லூரி விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நடுவில் எங்கோ பத்து நிமிடக் காமன் கூத்து, பிறகு நன்றியுரை. கூத்தாட வந்தவர்கள் காலையிலிருந்து மண்டபத்துக்குப் பின்னால் காத்திருப்பார்கள். ஆடி முடித்ததும் சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரியாது. மறுநாள் "மரபுரிமை கொண்டாடப்பட்டது" என்று அறிக்கை எழுதப்படும்.

பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி, ஆசிரியர் கலாசாலை, உயர்தர வகுப்புள்ள பெரிய பாடசாலை ஆகிய இடங்களில் இதைவிட நேர்மையான ஒரு நாளை நடத்த விரும்பும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமூக நீதி பற்றிய விழா என்றால், விழா நடக்கும் விதத்திலேயே அந்த நீதி தெரிய வேண்டும். யார் முடிவெடுத்தார்கள், யாருக்குப் பணம் கொடுத்தோம், யார் முன்னால் உட்கார்ந்தார்கள், யாருடைய மொழியில் அறிவித்தோம் என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே போங்கள்.

முதற்படி: குழு

நாளுக்கு மூன்று மாதம் முன்பே குழுவைக் கூட்டுங்கள். மாணவர்களும் விரிவுரையாளர்களும் மட்டும் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டு, பிறகு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் "நீங்கள் வந்து ஆடுங்கள்" என்று கேட்பதில்தான் பழைய தவறு தொடங்குகிறது. முதல் கூட்டத்திலேயே ஒரு கூத்து வாத்தியார், கொழுந்து எடுக்கும் ஒரு பெண், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒருவர், டவுனிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்க வேண்டும். அவர்களைக் கௌரவ உறுப்பினர்களாக வைக்காதீர்கள். நிகழ்ச்சியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் அவர்களுக்கும் உங்களைப் போலவே வாக்கு இருக்கட்டும்.

கூட்டத்தைக் கல்லூரியில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. கோயில் மண்டபத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வைத்தால் பெண்கள் வருவார்கள். காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவருக்கு அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை தொடங்குகிறது. வாரநாள் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால், அது பெண்கள் வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நல்லது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

தொழிற்சங்க விஷயத்தையும் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். ஒரே தோட்டத்தில் பல சங்கங்கள் இருக்கும். ஒரு சங்கத் தலைவரை மேடையேற்றினால் அடுத்த சங்கத்துக் குடும்பங்கள் வராமல் இருந்துவிடும். என் கருத்து, அழைப்பிதழில் அரசியல்வாதிகள் எவருடைய பெயரும் வேண்டாம். விரும்பியவர்கள் பார்வையாளராக வந்து உட்காரட்டும். இதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி, அதிபரிடமோ பீடாதிபதியிடமோ கையெழுத்து வாங்கி வைத்தால் கடைசி வாரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

இரண்டாம் படி: நாள் குறிப்பது

வானிலையை முதலில் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் என்றால் மே கடைசியிலிருந்து தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் என்றால் ஒக்டோபரிலிருந்து ஆண்டு முடியும்வரை மழைதான். அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எவ்வளவு செலவு செய்திருந்தாலும் தயங்காமல் நாளைத் தள்ளிவையுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் புயல் அந்த நினைவை மறுபடி கிளறிவிட்டது.

அடுத்தது மக்களின் நாட்காட்டி. மாசியில் காமன் கூத்து ஆடுகிறவர்கள் தங்கள் தோட்டத்தைவிட்டு வர மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் யாருக்கும் நேரம் இருக்காது. நோன்பு மாதத்தில் பகல் விருந்து வைத்தால் முஸ்லிம் நண்பர்களை வெளியே நிறுத்தியதாகிவிடும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் என்பதால், ஹட்டன், மஸ்கெலியா வீதியில் வார இறுதி பஸ்களில் ஏற முடியாது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களையும் தவிருங்கள்.

கிழமையில் ஞாயிறே சிறந்தது. வேலை நாளில் வைத்தால் வருகிறவருக்கு அன்றைய பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்விடும். சமூக நீதி நாளுக்கு வந்ததற்காக ஒரு பெண் ஒரு நாள் சம்பளத்தை இழந்தால், அந்த நாளைக் கொண்டாடுவதில் என்ன பொருள்? தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்காகப் பத்தரைக்குத் தொடங்குங்கள். தோட்டப் பாதைகளில் கடைசி பஸ் நேரத்தோடேயே போய்விடும், பின்னேரம் மூடுபனியும் இறங்கும். ஆகவே மூன்றரைக்குள் முடித்தாக வேண்டும்.

வரலாற்று நாட்களோடு சேர்த்து வைக்க விரும்பினால், சனவரி 10 ஒரு நல்ல தெரிவு. 1940 இல் அந்த நாளில்தான், 16 சதச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்தார். மார்ச் 8 பெண்கள் நாளையும் டிசம்பர் 10 மனித உரிமைகள் நாளையும் கருதலாம். நாள் ஞாயிறாக அமையாவிட்டால் அருகிலுள்ள ஞாயிறை எடுங்கள்.

மூன்றாம் படி: என்ன கதையைச் சொல்கிறோம்

"பல்லினப் பண்பாடு" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் ஆளுக்கொரு நடனத்தோடு முடிந்துவிடும். ஒரு கேள்வியை மையமாக வையுங்கள். நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: இந்த மலை யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, யாருடைய உழைப்பால் தோட்டமானது?

இந்தக் கேள்விக்குள் எல்லாச் சமூகங்களும் வந்துவிடும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியதாக்கியது. கண்டிச் சிங்களக் கிராமங்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலம் கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போனது. அதற்கு முன்பே, 1823 இல், கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் தொடங்கியிருந்தது. அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டுபோனார்கள். ஒரு பக்கம் நிலத்தை இழந்தவர்கள், மறுபக்கம் ஊரை இழந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மலையில் வாழ்ந்தும் ஒருவர் கதை ஒருவருக்குத் தெரியாது. இரண்டு கதைகளையும் ஒரே மண்டபத்தில் ஒருவர் முன் ஒருவர் சொல்லக் கேட்பதுதான் அந்த நாளின் மிகப் பெறுமதியான மணித்தியாலமாக இருக்கும்.

தொடர்ச்சிக்குத் தேவையான ஆண்டுகளை மாணவர்கள் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867. கோப்பியை இலைநோய் தாக்கத் தொடங்கியது 1869. சர்வசன வாக்குரிமை 1931. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் 1948, அதைத் தொடர்ந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் 1949. அவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. அதன்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. 1974 இல் அந்த எஞ்சியவர்களும் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 இல்தான் வந்தது. நாடற்றோராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003.

இந்த எண்களைப் பதாகையில் அச்சடித்துத் தொங்கவிடுவதோடு நின்றுவிடாதீர்கள். 525,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அக்கா ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த ஒரு குடும்பத்தின் கதை இருக்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த படி.

நான்காம் படி: பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தல்

இதற்கு ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். மாணவர்கள் முதலில் சொந்த வீட்டிலிருந்து தொடங்கட்டும். தோட்டப் பிள்ளை அப்பாயியிடமும், சிங்கள மாணவி தன் ஆச்சியிடமும், முஸ்லிம் மாணவன் தன் வாப்பும்மாவிடமும் கேட்கட்டும். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் முன்பே தெரிவித்துவிட்டுப் போங்கள்.

"உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கூறுங்கள்" என்று கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். "அம்மாயி, நீங்க பேர் பதியிறப்ப என்ன வயசு?" "மொத நாள் எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க?" "கங்காணி யாரு?" "உங்க வீட்டுல யாரெல்லாம் இந்தியா போனாங்க?" "கடுதாசி வந்துச்சா?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அழுகை வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்து, தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். ஆனால் அனுமதி தெளிவாக இருக்க வேண்டும்: குரலைப் பயன்படுத்தலாமா, படம் போடலாமா, சொந்தப் பெயர் சொல்லலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ வேலையில் இருக்கும் ஒருவர் சொன்னதைப் பெயரோடு மேடையில் வைத்தால் பின்விளைவு அவருக்குத்தான். சாதி பற்றி, வீட்டுக்குள் நடந்த வன்முறை பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் கவனம் தேவை.

இந்தியாவுக்குப் போனவர்களின் உறவினர்களையும் சேருங்கள். திரும்பிப் போனவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களையே தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் நம் பேச்சுத் தமிழைக் கேட்கலாம். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பச் சொன்னால் போதும். பிரிந்த சகோதரியின் குரலை மண்டபத்தில் ஒலிக்க விடுவதற்கு முன், இங்கே இருக்கிறவரிடம் அதைத் தனியாகப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கூட்டத்தின் நடுவில் ஒருவரை அழவைப்பது நம் நோக்கமில்லை.

ஐந்தாம் படி: கண்காட்சி

பொருட்களை வாங்கி வைக்காதீர்கள். வீடுகளிலிருந்து இரவல் வாங்குங்கள். கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மட்டக்கம்பு, சுரண்டி, பழைய தராசு, அம்மி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடுத்தவரின் பெயரும் (அவர் சம்மதித்தால்) அவர் சொன்ன இரண்டு வரியும் இருக்கட்டும். முடிந்தால் அவரே அங்கே நின்று விளக்கட்டும். கவ்வாத்து வெட்டும் ஒரு அண்ணனிடம் கத்தி பிடிக்கும் கோணத்தைக் கேட்டுப் பாருங்கள். தாவரவியல் விரிவுரையாளர்கூடக் குறிப்பெடுப்பார்.

பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ் போன்றவற்றின் அசலை எக்காரணம் கொண்டும் கல்லூரியில் வைத்திருக்காதீர்கள். அந்தத் தாளுக்காகத்தான் சில குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் அலைந்தன. வீட்டிலேயே படமெடுத்து, இலக்கங்களை மறைத்து, பிரதியை மட்டும் காட்சிக்கு வையுங்கள்.

கம்பளைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களையே திருத்தி அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. திட்டமிடும் மாணவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால், பொருளை எப்படி மரியாதையாக வைப்பது என்பது புரியும். கல்லூரி மண்டபத்தில் மாதிரி லயம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒருவர் இன்றைக்கும் குடியிருக்கிற வீட்டை அட்டையால் செய்து, பக்கத்தில் நின்று மற்றவர்கள் படமெடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதற்குப் பதிலாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவைத் தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்துக் காட்டினால், பார்க்கிறவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

ஆறாம் படி: கூத்தும் தப்பு மேளமும்

நிகழ்ச்சியின் உயிரும் இதுதான், அதிகம் காயப்படுத்தக்கூடிய இடமும் இதுதான்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். மூன்றுமே நேர்த்தியோடு சேர்ந்தவை. காமன் கூத்தில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து ஆடுகிறார்கள். மதனை ஈசன் எரிப்பதும் ரதி புலம்புவதும் அந்தத் தோட்டமே சேர்ந்து அனுபவிக்கும் இரவு. பொன்னர் சங்கர் விடிய விடிய நடக்கும். தபசு மரம் ஏறும் அருச்சுனன் பாட்டைப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். அதைப் பத்து நிமிடத்துக்கு வெட்டித் தரச் சொல்லிக் கேட்பதற்கு முன், வெட்டலாமா என்று கூத்து வாத்தியாரிடம் கேளுங்கள். பருவம் தவறிக் கம்பம் ஊன்ற முடியாது என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள். காப்பில்லாமல் பாட்டையும் அடவையும் மட்டும் பயிற்சி வகுப்பாகச் சொல்லித்தரச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுவே மேடை நிகழ்ச்சியைவிட மாணவர்களிடம் ஆழமாகப் பதிகிறது. முப்பது மாணவர்கள் வட்டமாக நின்று வாத்தியார் பாட்டுக்கு அடி வைக்கும்போது, சிங்கள மாணவர்களும் தயங்காமல் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். முழுக் கூத்தைப் பார்க்க வேண்டுமா? மாசியில் மாணவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள்.

தப்பு விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு எழுப்பியது தப்புதான். கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அதுவேதான். ஆனால் அதை அடிப்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதும், லயத்தில்கூடத் தள்ளிவைத்ததும் நடந்தது. அதனால் தப்புக் கலைஞர்களின் பிள்ளைகள் பலர் படித்து வேலைக்குப் போனதும் தப்பைத் தொட விரும்புவதில்லை. அவர்களில் ஒருவர் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். "உங்க அப்பா நல்லா அடிப்பாரே, நீயும் அடியேன்" என்று எல்லார் முன்னாலும் ஒருவரைக் கேட்பது அவரைச் சாதி சொல்லிக் கூப்பிடுவதுபோல. தப்புப் பயிற்சியை அறிவித்து, எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள். விரிவுரையாளர் முதல் ஆளாகப் போய்க் கற்றுக்கொள்ளட்டும். எந்தச் சாதியும் எந்த இனமும் தப்பைத் தோளில் மாட்டலாம் என்பது அப்படித்தான் நடைமுறையில் வரும்.

வரவேற்பு ஊர்வலத்தில் தப்பை முன்னால் அடிக்கவிட்டு, விருந்தினர் மண்டபத்துக்குள் போனதும் கலைஞர்களை வாசலிலேயே விட்டுவிடும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி, நிகழ்ச்சி நிரலில் முழுப் பெயர், பேச விரும்பினால் ஒலிவாங்கி, மூன்றும் வேண்டும். பொன்னாடை போர்த்துவதாக இருந்தால் முதலாவது பொன்னாடை அவர்களுக்கு. பணத்தை எல்லார் முன்னிலையிலும் கவரில் கொடுத்துப் படமெடுக்காதீர்கள். மற்ற விரிவுரையாளர்களுக்குக் கொடுப்பதுபோல மதிப்பூதியமாக, கையெழுத்து வாங்கி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

நடைமுறைக் குறிப்பும் ஒன்று. மலைக் குளிரிலும் பனியிலும் தப்புத் தோல் தளர்ந்து சத்தம் மங்கிவிடும். அடிக்கும் முன் நெருப்பில் சூடு காட்ட வேண்டும். மைதானத்தில் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கி, காய்ந்த விறகும் வைக்கோலும் வைத்து, காவலாளிக்கு முன்பே சொல்லிவையுங்கள். மூடிய மண்டபத்தில் தப்பு காதைப் பிளக்கும் என்பதால் வெளியே வைப்பதே நல்லது.

ஒப்பாரியை மேடை நிகழ்ச்சியாக்க வேண்டாம். சாவில்லாத இடத்தில் ஒப்பாரி வைப்பதைப் பல பெண்கள் விரும்புவதில்லை. தாலாட்டும் கும்மியும் கொழுந்து எடுக்கும்போது பாடும் பாட்டும் ஏராளமாக இருக்கின்றன. எதைப் பாடுவது என்று பாடுகிறவரே தீர்மானிக்கட்டும். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பாட்டாலேயே தொழிலாளர்களைத் திரட்டிய மீனாட்சி அம்மாளையும், மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையையும் அறிவிப்பாளர் இந்த இடத்தில் இரண்டு வரியில் நினைவூட்டலாம். வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவரும்கூட. அடுத்த தேர்தலுக்குள் அவருக்கு வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

ஏழாம் படி: மற்றச் சமூகங்கள் விருந்தினராக இல்லாமல் பங்காளிகளாக

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நடனம் என்று பங்கிடாதீர்கள். மூன்று தோற்கருவிகளை ஒரே பாயில் உட்கார வையுங்கள்: தப்பு, கண்டி நடனத்தின் மேளமான 'கெட்ட பெரய', முஸ்லிம் பக்கீர் பாவாமாரின் றபான். வாசித்துக் காட்டிய பிறகு கலைஞர்கள் தங்களுக்குள் பேசட்டும். எந்தத் தோல், எப்படி இழுத்துக் கட்டுவது, யாரிடம் கற்றது, பிள்ளைகள் படிக்கிறார்களா? கண்டி மேளத்தை வழிவழியாகக் காத்து வந்தவர்களும் தங்கள் சமூகத்தில் சாதியின் பேரால் கீழே வைக்கப்பட்டவர்கள்தான். இந்த உண்மையை மேடையில் ஒரு விரிவுரையாளர் சொல்வதைவிட, தப்புக் கலைஞரும் கண்டி மேளக் கலைஞரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தோட்ட மக்களுக்குள்ளேயே தெலுங்கும் மலையாளமும் பேசிய முன்னோரைக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நகரசபைத் துப்புரவு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டுக் கண்டி போன்ற நகரங்களில் இன்றும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மலையகம் என்றாலே கொழுந்துக் கூடை என்று ஆகிவிட்டதால் இவர்கள் எந்த விழாவிலும் வருவதில்லை. அழையுங்கள். ஊவாவில் நடத்துகிறீர்கள் என்றால் மகியங்கனைப் பக்கம் தம்பானையில் வாழும் ஆதிவாசி மக்களை நினைக்கலாம். ஆனால் தோளில் கோடாரியோடு நிற்கவைத்துப் படமெடுக்க மட்டும் கூப்பிடுவதாக இருந்தால், கூப்பிடாமலே விடுங்கள். காட்டு நிலத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

எட்டாம் படி: மொழி

அழைப்பிதழ், பதாகை, அறிவிப்பு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். தமிழை இயந்திரத்தால் மொழிபெயர்த்துப் பதாகையில் பிழையோடு தொங்கவிடும் அவலம் நம் அலுவலகங்களில் போதுமான அளவு நடக்கிறது. அச்சுக்குப் போகுமுன் இரண்டு மொழியையும் அந்தந்த மொழிக்காரர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். தோட்டத்திலிருந்து வருகிற அம்மா பேசும்போது அவருடைய பேச்சுத் தமிழிலேயே பேசட்டும். "செந்தமிழில் பேசுங்கள்" என்று யாரும் திருத்தக் கூடாது. இரு மொழியும் தெரிந்த மாணவர்களை வரிசைக்கு ஒருவராக உட்காரவைத்தால் காதோடு மொழிபெயர்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம்.

ஒன்பதாம் படி: நீதி பற்றிய உரையாடல்

ஒரு மணித்தியாலம், நான்கு பேர், அவர்களில் மூன்று பேராவது பெண்கள். பேராசிரியர் ஒருவருக்கு மேல் வேண்டாம். கொழுந்து எடுக்கும் பெண்ணும், கொழும்பில் வீட்டுவேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய் வந்த இளம்பெண்ணும், தோட்டத்தைவிட்டு முதலாவதாகப் பல்கலைக்கழகம் போன பட்டதாரியும் பேசட்டும். "வறுமை" என்று பொதுவாகப் பேசாமல் குறிப்பான விஷயத்தை எடுங்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைப்பது ஒரு விஷயம். பிரதேச சபை தோட்டத்துக்குள் பாதை போடச் சட்டமே தடையாக இருந்து, 2018 இல்தான் அது திருத்தப்பட்டது இன்னொரு விஷயம். திருத்திய பிறகு உங்கள் ஊரில் என்ன மாறியது என்று கேளுங்கள். நிலம், வீடு, சம்பளம் மூன்றையும் பேசாமல் இந்த நாள் முழுமையாகாது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துக் காணியைப் பறிக்க விடமாட்டோம் என்று நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தது நிலத்துக்காகத்தான்.

நெறிப்படுத்துபவருக்கு ஒரே விதி: கைதட்டல் வாங்கும் பேச்சை நீட்டவிடாமல், அமைதியாக இருப்பவரிடம் ஒலிவாங்கியைக் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாடும் பணமும் அனுமதியும்

ரொட்டியும் கட்டச்சம்பலும், பாற்சோறும் லுனுமிரிஸும், வட்டிலப்பமும் ஒரே மேசையில் இருக்கட்டும். கோழியை ஹலால் கடையில் வாங்கினால் எல்லாரும் சாப்பிடலாம். மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாம். சைவத்துக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும். விருந்தினருக்குத் தனி அறையில் பீங்கான் தட்டு, கலைஞருக்குப் பார்சல் என்ற வேற்றுமை கூடாது. எல்லாரும் ஒரே வரிசையில் நின்று எடுக்கட்டும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு மட்டமான தூளில் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்காதீர்கள். அன்றைக்காவது, கொழுந்து எடுத்தவர்கள் நல்ல தேயிலையைக் குடிக்கட்டும்.

வரவுசெலவில் முதல் வரி கலைஞர், கதைசொல்லிகள் ஆகியோரின் மதிப்பூதியமும் போக்குவரத்தும். ஒத்திகை நாளுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைந்தால் அது மதிப்பூதியம் ஆகாது. மேடை அலங்காரம், நினைவுச் சின்னம், பதாகை எல்லாம் அதற்குப் பிறகுதான். தேயிலை நிறுவனங்கள் அனுசரணை தர முன்வந்தால், சம்பளம் பற்றிய உரையாடலில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். மைதானத்தில் நெருப்பு மூட்டுவதையும் கல்லூரி அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

அந்த நாளில்

உரைகள் எல்லாம் சேர்த்து முப்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விளக்கேற்ற முதலில் வயதில் மூத்த தொழிலாளி ஒருவரை அழையுங்கள். வேன் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேரடியாகப் போக வேண்டும். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு மலையேறவிடாதீர்கள். பெண்களுக்குத் துப்புரவான கழிவறையும் உடை மாற்ற ஓர் அறையும் காலையிலேயே திறந்திருக்கட்டும். மழை வந்தால் தப்புப் பயிற்சியை எங்கே மாற்றுவது என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

இரவல் வாங்கிய பொருட்களை ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவு செய்த குரலையும் எடுத்த படங்களையும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பெரியவர்களுக்கு அச்சடித்த படம்தான் பிடிக்கும். சம்மதித்தவர்களின் பதிவுகளைக் கல்லூரி நூலகத்தில் பெயர், தோட்டம், திகதி, சம்மத விவரத்தோடு சேமியுங்கள். முழுக் கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். குழுவின் வெளியாட்களோடு, கோயில் மண்டபத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ, ஒரு கடைசிக் கூட்டம் வையுங்கள். யார் மனம் நொந்தார்கள், யாரைக் கூப்பிட மறந்தோம், எந்தக் காசு தாமதமானது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, தொலைபேசி இலக்கங்களோடு அடுத்த ஆண்டு மாணவர் குழுவின் கையில் கோப்பாக ஒப்படையுங்கள்.